புதிய பிளாக்கும் பழைய மழையும்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் நசரத்பேட்டையில் பனிமலர் பொறியியல் கல்லூரி. திருமழிசையைக் கடந்தால் தண்டலத்தில் சவீதாவும் ராஜலட்சுமியும். திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊரைச் சுற்றி இன்று கல்லூரி வளாகங்கள். படிக்க வருபவர்கள் பெருகினால் கட்டடம் எழத்தான் செய்யும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குக் கவலை தரையைப் பற்றித்தான். சாலைக்குத் தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி: முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பரில் அதைத் திறந்தபோது அடையாற்றங்கரை பட்ட பாட்டைச் சென்னை மறக்கவில்லை. இந்த வளாகங்கள் எழுமுன் வயலாகக் கிடந்த நிலம் மழையைக் குடித்தது. கான்கிரீட்டும் கார் நிறுத்தமும் குடிக்காது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம்தான். மூலையில் ஒரு குழி தோண்டி ஜல்லி கொட்டினால் சட்டம் திருப்தியாகிவிடும், நிலத்தடி நீர் ஆகாது. ஒவ்வொரு புதிய பிளாக்குக்கும் ஒரு குளம் என்று நிர்வாகங்கள் வைத்துக்கொள்ளலாமே. நீரியல் நடத்தும் பேராசிரியர்கள் உள்ளேயே இருக்கிறார்கள். சிவில் மாணவர்களுக்கு புராஜெக்டும் ஆயிற்று. என்ன, குளத்துக்கு ரிப்பன் வெட்ட அமைச்சர் தேதி கொடுப்பாரா என்பது சந்தேகம்.