நிலாவில் மழை பெய்யுமா?



"நிலாவிலும் நம் ஊரைப்போல் மழை பெய்யுமா, ஐயா?" என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. பெரியவர்கள் பலருக்கும் இந்த ஐயம் உண்டு. இம்முறை அதைப் பார்ப்போம்.

பெய்யாது என்பதே விடை. மழை மட்டுமல்ல, காற்று, மேகம், இடி, வானவில் எதுவும் அங்குக் கிடையாது. பகலிலும் வானம் கறுப்பாகவே தெரியும்.

பூமி சூரியனிலிருந்து ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பூமியைச் சுற்றிவரும் நிலாவும் கிட்டத்தட்ட அதே தொலைவில்தான். ஒரே அடுப்பின் முன்னே அருகருகே உட்கார்ந்து குளிர்காயும் இருவரைப்போல, இரண்டுக்கும் கிடைக்கும் வெயில் ஒன்றே. ஆயினும் நிலைமை எப்படி மாறுகிறது பாருங்கள். நம் நாட்டுச் சமவெளியில் பகலில் 33 பாகை செல்சியஸ் என்றால் இரவில் 23 பாகை அளவுக்கு இறங்கும். வித்தியாசம் பத்துப் பாகைதான். நிலாவின் நடுப்பகுதியிலோ நண்பகலில் சுமார் 120 பாகை வெப்பம். இரவில் பூஜ்யத்துக்கும் கீழே சுமார் 130 பாகை குளிர். தண்ணீர் கொதிப்பதற்கு 100 பாகை போதும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இதற்கு முதற்காரணம் காற்று. பூமியைச் சுற்றியுள்ள காற்று மண்டலம் ஒரு கம்பளிப் போர்வை போன்றது. பகல் வெயிலின் கடுமையைத் தணிக்கிறது. இரவில் தரையின் சூடு முழுவதும் வானவெளிக்குப் போய்விடாமல் பிடித்து வைக்கிறது. மேகம் மூடிய இரவு புழுக்கமாகவும், வானம் வெளுத்த இரவின் விடியற்காலை குளிராகவும் இருப்பதை, இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டப் போனவர்கள் நன்கு அறிவார்கள். அதுவே போர்வையின் வேலை.

நிலாவுக்கு இந்தப் போர்வை ஏன் இல்லை? அதன் ஈர்ப்புச் சக்தி பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்குதான். வெயிலில் சூடேறிய காற்றின் அணுக்கள் வேகமாகப் பறக்கும். அவற்றை இழுத்துப் பிடிக்கும் பலம் நிலாவுக்கு இல்லை. அதனால் அவை காலப்போக்கில் வானவெளியில் கலந்துவிட்டன. காற்று இல்லாத இடத்தில் தண்ணீரும் ஆறாகவோ கடலாகவோ தங்காது. தண்ணீர் இல்லையேல் ஆவி ஏது? மேகம் ஏது? மழை ஏது?

இரண்டாவது காரணம், நிலாவின் நீண்ட பகல். அங்கு ஒரு பகல் நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டு வாரம்; இரவும் அப்படியே. இரண்டு வாரம் ஓயாமல் காய்ந்த நிலம், அடுத்த இரண்டு வாரம் ஓயாமல் குளிர்கிறது.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் இந்தியாவின் சந்திரயான்-3 நிலாவின் தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் அவர்கள் என்பது நமக்குப் பெருமை. அந்தக் கலம் மண்ணில் ஒரு வெப்பமானியைச் செருகிப் பார்த்தது. மேல்மண்ணில் 50 பாகைக்கும் அதிகமான சூடு. வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் பூஜ்யத்துக்கும் கீழே 10 பாகை! பகல் முழுவதும் நன்றாக வேலை செய்த அந்தக் கருவிகள், நிலாவின் இரவுக் குளிருக்குப் பிறகு மீண்டும் கண் விழிக்கவில்லை.

அடிக்கிற வெயில் ஒன்றாக இருந்தும் இங்கே உயிர் தழைக்கிறது, அங்கே இரும்பும் தாங்கவில்லை. இடையில் நிற்பது இந்தக் காற்றுப் போர்வை ஒன்றுதான். அந்தப் போர்வை அளவோடு இருப்பதும் முக்கியம். இயந்திரத் தொழில்கள் பெருகுவதற்கு முன்பு, காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமிலவாயு சுமார் 280 பங்கு இருந்தது. இன்று 420க்கும் மேல். வெயில் காலத்தில் ஒன்றுக்கு இரண்டாகப் போர்வை போர்த்தினால் என்ன ஆகுமோ, அதுவே பூமிக்கும் ஆகிக்கொண்டிருக்கிறது. 1997இல் காட்டுத் தீயின் புகைமூட்டம் நம் வானத்தை மறைத்ததையும் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். காற்று சும்மா கிடைப்பதால் அதற்கு மதிப்பில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே விளக்கலாம். ஒரே அளவான இரண்டு பால் டின்களில் ஒரே சூடுள்ள நீரை ஊற்றுங்கள். ஒன்றைத் துண்டால் நன்கு சுற்றி மூடுங்கள். மற்றதை அப்படியே திறந்து வையுங்கள். அரைமணி நேரம் கழித்து இரண்டு நீரையும் விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எது பூமி, எது நிலா என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.