கதவைத் திறக்க எத்தனை பாட்டு?

"நாகஸ்வரக்காரர் ஒரே ராகத்தை ஒரு மணி நேரம் ஊதுகிறாரே, அதை எப்படி ஸார் கேட்பது?" என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. எல்லோரும் படித்தவர்கள். எழுநூறு பக்க நாவலைக் கண் விழித்துப் படித்து முடிப்பவர்கள். ஆனால் சங்கீதம் மட்டும் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட வேண்டும். வார்த்தையில்லாத வாத்திய சங்கீதமென்றால் மூன்று நிமிஷமே அதிகம். இவர்களோடு சண்டை போடுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

இவர்கள் முதலில் சாட்சிக்கு அழைப்பது வேதாரண்யத்தை. அங்கே அம்பாளுக்கு யாழைப் பழித்த மொழியாள் என்று பெயர். அவள் குரலின் இனிமைக்கு முன் தன் வீணை எடுபடாதென்று சரஸ்வதி வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டாளாம். அந்தக் கோயிலில் சரஸ்வதியின் கையில் வீணை கிடையாது. "பார்த்தீர்களா, குரலுக்கு முன் வாத்தியம் எம்மாத்திரம்?" என்கிறார்கள். நான் கேட்கிறேன்: அம்பாளின் குரலை நிறுக்க எடைக்கல்லாக எதை வைத்தார்கள்? வாத்தியத்தைத்தானே! மட்டமான சரக்கைத் தோற்கடித்தால் அதில் என்ன பெருமை? சுவாமி வீதிக்கு எழுந்தருளும்போது முன்னே போவதும் நாகஸ்வரமும் தவிலும்தான்.

அதே ஊரில் இன்னொரு சாட்சி இருக்கிறது. அதை இவர்கள் அழைப்பதில்லை. வேதங்கள் பூட்டிவிட்டுப் போன திருக்கதவைத் திறக்க அப்பர் பாடினார். உடனே திறக்கவில்லை. பதிகத்தின் கடைசிப் பாட்டு வரை பாட வேண்டியிருந்தது. திரும்ப அடைப்பதற்குச் சம்பந்தர் பாடினார். முதல் பாட்டிலேயே அடைத்துக்கொண்டது. தமக்குத் தாமதமானதை எண்ணி அப்பர் வருந்தினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. அடைப்பதற்கு ஒரு பாட்டுப் போதும். திறப்பதற்கு ஒரு பதிகம் வேண்டும். மனசும் அப்படிப்பட்ட கதவுதான்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் மறைந்தார். அவருடைய தோடி இன்றும் கிராமபோன் தட்டின் தயவில் கேட்கக் கிடைக்கிறது. அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிஷந்தான். மணிக்கணக்கில் வீதியிலே பெருகிய தோடியில் ஒரு செம்பு மொண்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. கீச்சென்ற திமிரி நாயனம் போதாதென்று, நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்துகொடுத்த நீண்ட பாரி நாயனத்தைக் கையிலெடுத்த மகான் அவர். தோடியின் காந்தாரத்தை அசைத்து அசைத்து, தைவதத்தில் நின்று, மேல் ஷட்ஜத்தைத் தொடுவதுபோல் போய்த் தொடாமல் இறங்கி வந்தால், கேட்பவன் தவிக்கிறான். கடைசியில் அந்த ஷட்ஜம் வரும்போது, காத்திருந்தவனுக்கு அது வரம். நடுவில் எட்டிப் பார்த்தவனுக்கு அது வெறும் உச்ச ஸ்தாயி.

இது தஞ்சாவூர்க்காரனின் பழம்பெருமைப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஆல்மன் பிரதர்ஸ் என்ற ராக் கோஷ்டி 1969-இல் 'விப்பிங் போஸ்ட்' என்ற பாட்டை இசைத்தட்டுக்காக ஐந்து நிமிஷச் சொச்சத்தில் பாடி முடித்தது. 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில், ரசிகர்கள் முன்னால் வாசித்தபோது அதே பாட்டு சுமார் இருபத்து மூன்று நிமிஷமாக வளர்ந்தது. பெரிய இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. பாட்டின் வார்த்தைகள் கொஞ்சமே. மிச்சமெல்லாம் டுவேன் ஆல்மன், டிக்கி பெட்ஸ் இருவரின் கிதாரும் பக்கவாத்தியமும். அந்த வருஷமே டுவேன் இருபத்து நான்கு வயதில் இறந்துபோனான். அந்த ஒரு ராத்திரியின் நீளம் இன்னும் உயிரோடிருக்கிறது.

நீளமெல்லாம் உயர்வு என்று நான் சாதிக்கவில்லை. சரக்குத் தீர்ந்த பிறகும் ஊதுகிறவர்கள் உண்டு. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது: இப்போது வந்த பிடி, முன்னால் வந்ததெல்லாம் இல்லாமல் தனியாக நிற்குமா? நின்றால் முன்னால் வந்தது வெட்டிப் பேச்சு. நிற்காவிட்டால் அதில் ஒரு நிமிஷத்தைக்கூட வெட்ட நமக்கு உரிமை கிடையாது.

ஆனால் நாம் வெட்டுகிறோம். கல்யாணத்தில் வித்வான் கரகரப்ரியாவை எடுத்து அது சூடு பிடிக்கும் நேரத்தில், யாராவது ஒரு பெரியவர் கையை ஆட்டி, "சுருக்கமா முடிங்க, சினிமாப் பாட்டு ரெண்டு வாசிங்க" என்கிறார். அவரும் வாசிக்கிறார், பிழைப்பு நடக்க வேண்டாமா? அவர் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். எதைக் கற்றுக்கொள்ள வேண்டாமென்று அந்த நிமிஷத்தில் அவனுக்குத் தெரிந்துபோகிறது. கீர்த்தனையை ஸ்வரப்படுத்திப் புஸ்தகத்தில் எழுதி வைக்கலாம். நூறு வருஷம் கழித்தும் பாடலாம். ஆலாபனைக்குப் புஸ்தகம் கிடையாது. உட்கார்ந்து கேட்கிற ஆள் இருக்கிறவரைதான் அதற்கு ஆயுள்.

ஆகவே அடுத்த முகூர்த்தத்தில், சாப்பாட்டுப் பந்தி இரண்டாவது தடவையும் போடுவார்கள் என்ற தைரியத்தில், நாயனத்துக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு முக்கால் மணி நேரம் உட்காருங்கள். வித்வான் உங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். அதற்குப் பிறகு அவர் வாசிக்கிற வாசிப்பே வேறு.