மரத்துக்கும் அஸ்திவாரம் வேணும்

மரம் சும்மா நிற்கிறது என்று நினைக்கிறோம். நண்பர்களே, நிற்பதே அதற்குப் பெரிய வேலை. காற்றில் ஆடி ஆடி வளரும் மரம் அடிமரத்தைப் பருமனாக்கிக்கொள்கிறது, வேரையும் பலப்படுத்திக்கொள்கிறது. குச்சி நட்டு இறுக்கிக் கட்டிய கன்று உயரமாகப் போகும், ஆனால் ஒல்லியாகவே இருக்கும். நம்ம சிவில் பாடத்தில் முதலில் டிசைன், பிறகுதான் கட்டடம். மரமோ கட்டிக்கொண்டே டிசைனை மாற்றுகிறது!

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தைப் பாருங்கள். வயது சுமார் 450 என்கிறார்கள். 1989-ல் அடித்த புயல் காற்றில் தாய்மரம் சாய்ந்துவிட்டது. அத்தோடு முடிந்ததா? இல்லை. கிளைகளிலிருந்து இறங்கிய விழுதுகள் அதற்குள் மண்ணில் ஊன்றித் தூண்களாகி இருந்தன. நடுவில் தாய்மரம் இல்லாமலே மரம் உயிரோடு இருக்கிறது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஆறு கடலில் சேருகிற கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் அவை வேரையே மேல்நோக்கி அனுப்புகின்றன. பென்சில்களை நட்டு வைத்த மாதிரி சேற்றில் நீட்டிக்கொண்டு நிற்பவை எல்லாம் மூச்சு விடும் வேர்கள். இலைக்கு மட்டும் இல்லை, வேருக்கும் காற்று வேணும்.

இப்போ தி.நகர் தெருக்களுக்கு வாங்க. நடைபாதை மரங்கள் பலவற்றுக்கு அடிமரத்தை ஒட்டியே சிமெண்ட். தண்ணியும் இறங்காது, காற்றும் போகாது. போதாததுக்கு கேபிள், கால்வாய் என்று தோண்டி ஒரு பக்க வேரையே வெட்டிவிடுகிறோம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்தது, ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. "எல்லாம் வெளிநாட்டு மரம், அதான்" என்றார்கள். குல்மோஹர் மடகாஸ்கரிலிருந்து வந்தது, வாஸ்தவம்தான். சீக்கிரம் முறியும், அதுவும் வாஸ்தவம். ஆனா பழி முழுக்க அது மேலேன்னா நான் ஒத்துக்க மாட்டேன். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் தலமரம் புன்னை. உப்புக் காற்றுக்கென்றே தடித்த இலையோடு வளர்கிற கடலோர மரம் அது. அதையே கொண்டுவந்து இரண்டடிக் குழியில் நட்டு, சுற்றிலும் சிமெண்ட் பூசினால் அது மட்டும் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

எங்க அப்பா கொத்தனார். "ஏம்பா மரத்தை ஒட்டியே பூசுறீங்க?" என்று கேட்டேன். "சதுர மீட்டர் கணக்குலதான் பில்லு. இடம் விட்டா அளவுல கழிஞ்சிடும், மேஸ்திரி விடமாட்டார்" என்றார். அப்பா மேல் தப்பில்லை, சொன்னதைச் செய்கிறார். நாளைக்கு அந்த எஸ்டிமேட்டைப் போடப்போவது, அளவு எடுக்கப்போவது நாம்தான்.

2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் சிமெண்ட்டை எடுக்கச் சொன்னது. அந்த ஒரு மீட்டரை நம்ம டிராயிங்கிலேயே வட்டமாகப் போட்டு, "மண் தரை" என்று எழுதிவிட்டால் மேஸ்திரி பூச மாட்டார். முதலில் நம்ம காலேஜ் சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்து வேப்பமரம். யூனியன் பிரின்சிபாலிடம் அனுமதி வாங்கட்டும். கடப்பாரை சர்வே லேபிலேயே இருக்கு.