சாவிக்காரர் சாப்பிடப் போயிருக்கிறார்

வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் சனி, ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் கைக்கு வரும். சென்னையில் வேலை பார்க்கும் எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் நாத்தனார் வீட்டாரும் அப்படித்தான் கிளம்பி வருவார்கள். நான் சிதம்பரத்தில் இருப்பதால் இறங்குமிடம் என் வீடு, ஊர் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. "அண்ணி, கோயில் எல்லாம் போன தடவையே பார்த்தாச்சு. பசங்களுக்கு வேற ஏதாவது பழைய இடமா காட்டுங்க." கடலோரத்தில் பழைய இடத்துக்கா பஞ்சம்? வடக்கே போனால் கடலூர், புதுச்சேரி, அரிக்கமேடு. தெற்கே போனால் பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம். எல்லாம் உண்டு, வெள்ளிக்கிழமை தவிர.

தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை வெள்ளி. போதாததற்கு இரண்டாம் சனிக்கிழமையும் சாத்தியிருக்கும். சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருப்பது மத்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். அதற்கும் வெள்ளிதான். சரி, புதுச்சேரி வேறு அரசாங்கமாயிற்றே என்று ஓடினால் அங்கே திங்கட்கிழமை. பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை. அதற்கும் திங்கள். சுதந்திர தினம், குடியரசு தினம் என்று நாடே விடுமுறையில் இருக்கும் நாளில் நாட்டின் வரலாற்றைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டால், அன்றைக்கு அரசு அருங்காட்சியகமும் லீவு. பஞ்சாங்கக்காரர்கள் ராகுகாலம், எமகண்டம் பக்கத்திலேயே இதையும் ஒரு கட்டம் போட்டு அச்சடித்தால் புண்ணியமாகப் போகும்.

வேலை செய்பவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா என்று கேட்பீர்கள். தாராளமாக வேண்டும். ஆனால் ஒரு வட்டாரத்தில் இருக்கிற எல்லாக் கதவும் ஒரே நாளில் ஏன் சாத்த வேண்டும்? மருந்துக்கடைக்காரர்கள்கூட முறை வைத்துத் திறக்கிறார்கள்.

நாள்தான் இப்படி என்றால் நேரம் அதற்கு மேல். கடற்கரை ஊரில் பகல் பதினொன்றிலிருந்து நாலு மணி வரைக்கும் மனுஷர் வெளியே தலைகாட்ட முடியுமா? உப்புக்காற்றும் வெயிலும் சேர்ந்து ஆளை அவித்துவிடும். இந்தக் கரை நெடுக அருங்காட்சியகங்கள் ஆர்வமாகத் திறந்திருப்பது அந்த நேரத்தில்தான். ஐந்து மணிக்கு மேல் காற்று திரும்பும். தரங்கம்பாடியில் போய்ப் பாருங்கள், ஊரே அப்போதுதான் கடலைப் பார்க்க வரும். சுண்டல் வண்டி, ஐஸ் வண்டி, பலூன்காரர், மணலில் உருளும் பிள்ளைகள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது 1620-இல் எழுந்த டேன்ஸ்போர்க் கோட்டை. தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி ஓவே கெட்டே என்ற டேனிஷ் தளபதி கட்டியது. 1845-இல் டேனிஷ்காரர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். இவ்வளவு கதையும் காலடியில் கிடக்க, உள்ளே நுழையும் நேரம் என்னவோ ஆபீஸ் நேரம்தான். கூட்டம் வரும்போது கதவு சாத்தப்படும், கதவு திறந்திருக்கும்போது கூட்டம் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்திருக்கும்.

தரங்கம்பாடியின் தெரு மட்டும் யாருக்கும் நேரம் குறித்துக் கொடுப்பதில்லை, அந்த மட்டும் நல்லது. 1792-இல் எழுப்பிய நகர வாயிலுக்குள் நுழைந்தால் நேரே கடல்வரை போகலாம். வழியில் 1718-இல் முடிந்த புதிய எருசலேம் ஆலயம். சீகன்பால்கு என்ற பாதிரியார் 1706-இல் இங்கே வந்து இறங்கி, தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த ஊர் இது. கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயிலும் கரையிலேயே இருக்கிறது. நாத்தனார் பிள்ளைகளுக்கு வரலாறு காட்ட நான் நம்புவது இப்போதெல்லாம் தெருக்களைத்தான்.

பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஐரோப்பியர்கள் விட்டுப்போன ஒரு பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். ஊர்ப்பெயர் வேண்டாம், வேலை பார்ப்பவர் வயிற்றில் அடிக்க மனசில்லை. கம்பிக் கதவுக்கு உள்ளே நீலப் பலகை, பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் தண்டனை என்று சட்டப்பிரிவோடு எழுதியிருந்தது. கதவில் தேங்காய் அளவு பூட்டு. எதிரே வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம் கேட்டோம்.

"சாவிக்காரர் சாப்பிடப் போயிருக்காரும்மா."

மணி பதினொன்றரை.

"எப்ப வருவாருங்க?"

"அவரு எங்கம்மா, இதுக்கும் பார்க்கணும், அந்தாண்ட இருக்கிற இன்னொன்னுக்கும் பார்க்கணும். போன் நம்பர் போர்டுல இருக்கு பாருங்க."

போர்டில் நம்பர் இருந்தது. கடைசி இரண்டு எண்கள் துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தன. நாத்தனார் பையன் சளைக்காமல் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தான். எடுத்தவர்களில் ஒருவர் பட்டுக்கோட்டையில் டயர் கடை வைத்திருப்பவர். கடைசியில் கம்பி இடுக்கில் முகத்தைப் பதித்துக்கொண்டு தூரத்திலிருந்தே கல்லறைகளைப் பார்த்தோம். கல்லில் பொறித்திருந்த கப்பலா மீனா ஏதோ ஒன்று மங்கலாகத் தெரிந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத்தானே அவ்வளவு தூரம் போனது?

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசல் வளைவில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருப்பார்கள். சாவைப் பற்றிப் பேச வாசலிலேயே ஆள் நிறுத்தியது மாதிரி. அதை ஒருமுறை கிட்டே போய்ப் பார்த்த பிள்ளைகள் அப்புறம் டச்சுக்காரர்கள் யார், இங்கே எதற்கு வந்தார்கள், 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இப்போது எங்கே போயிற்று என்று தாங்களாகவே நோண்ட ஆரம்பித்தார்கள். கிட்டே போகவிட்டால் பாதி வேலை முடிந்தது. கிட்டே போகவிடுவதுதான் இங்கே பெரும்பாடு.

உள்ளே போய்விட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சோதனை விவரச் சீட்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் உடைந்த சீனப் பீங்கான், வெள்ளையில் நீலப் பூ. கீழே மஞ்சள் பூத்த காகிதத்தில் தட்டச்சு: "பீங்கான் ஓடுகள்." அவ்வளவுதான். அது பீங்கான், அது ஓடு, இரண்டும் கண்ணுக்கே தெரிகிறது. எங்கே கிடைத்தது, எந்தக் கப்பலில் வந்தது, அந்தத் தட்டில் சாப்பிட்டவர் யார், ஏன் இந்தக் கரையில் கிடந்தது? மூச்சு கிடையாது. அடுத்த பெட்டியில் "சுடுமண் உருவம். உடைந்தது." அதற்கடுத்து "கல்வெட்டுக் கல்." கல்வெட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? குழல்விளக்கு சரியாகக் கண்ணாடி மேலேயே அடிப்பதால், குனிந்து பார்த்தால் உள்ளே இருக்கும் பொருளைவிட நம் மூஞ்சி நன்றாகத் தெரியும். என் மாமியார் ஒருமுறை ஒரு பெட்டி முன் நின்று வெகுநேரம் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

சீட்டு ஒழுங்காக இல்லாததன் விளைவை அரிக்கமேட்டில் பார்க்கலாம். ரோமானியரோடு வாணிகம் செய்த ஊர், 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிப் பார்த்த இடம் என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வருபவர்கள், அங்கே நிற்கும் செங்கல் சுவரைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். "ரோமானியர் சுவர்!" அது பதினெட்டாம் நூற்றாண்டில் பாதிரிமார் கட்டியது. ரோமானியர் காலத்துச் சமாச்சாரமெல்லாம் மண்ணுக்கு அடியில் மூடிக் கிடக்கிறது. எடுத்த மணிகளையும் பானை ஓடுகளையும் பார்க்க வேண்டுமானால் ஆற்றைத் தாண்டிப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை போகாதீர்கள்.

நாகப்பட்டினத்துக்காரர்களின் வயிற்றெரிச்சல் இன்னும் பெரியது. சூடாமணி விகாரம் இருந்த ஊர். முதலாம் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய பௌத்தப் பள்ளி அது. அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேடு, கடல் கடந்து போய் லைடன் செப்பேடு என்று பேர் வாங்கிவிட்டது. ஊருக்குள் மண்ணைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கில் வந்த புத்தர் செப்புத் திருமேனிகளில் பெயர்பெற்றவற்றைப் பார்க்கச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ரயில் ஏற வேண்டும். பாதுகாப்புக்காகத்தான், புரிகிறது. ஊர்ப் பிள்ளைக்கு எங்கள் ஊர்ப் புத்தர் இப்படி இருப்பார் என்று காட்ட, நல்ல வெளிச்சத்தில் ஒரு படம், கூடவே பத்து வரி கதை வைப்பதற்குக்கூடவா பாதுகாப்பு தடை?

எல்லா இடமும் இப்படியில்லை என்றும் சொல்லிவிட வேண்டும். பத்மநாபபுரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் கால் கண்ணாடியில் வைத்தது போல் வழுக்கும். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்கிறார்கள். அங்கங்கே நிற்கும் ஊழியர்கள் கேட்காமலே கதை சொல்வார்கள், இது மந்திரசாலை, இது மூலிகை மரங்களில் செய்த கட்டில், இது ஆயிரக்கணக்கான பேர் பந்தியில் உட்கார்ந்த ஊட்டுப்புரை என்று. மரவேலைக்கு மேலே மரவேலை, அதை வாய்நிறையச் சொல்ல ஒரு ஆள். வேறென்ன வேண்டும்? ராமநாதபுரம் ராமலிங்க விலாச அரண்மனையின் சுவரோவியங்களை மெனக்கெட்டுப் போய்ப் பாருங்கள். சேதுபதி மன்னர் தஞ்சை மராட்டியரோடு மோதுகிறார், ஐரோப்பியரைச் சபையில் சந்திக்கிறார். கடல் வாணிகம், போர், அந்தப்புரம் எல்லாம் சுவரிலேயே இருக்கிறது. இப்படி ஒன்று வெளிநாட்டில் இருந்தால் காலையிலிருந்து வரிசை நிற்கும்.

கழிப்பறை பற்றி ஒரே வாக்கியம்: எழுபது வயது மாமியாரோடு கடலோரக் கோட்டைகளுக்குப் போகிற மருமகள், முதலில் அந்த ஊர் பெட்ரோல் பங்கைத் தேடி வைத்துக்கொள்வாள்.

இதற்கெல்லாம் நடுவில், பெயர் சொல்லாத ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் ஒரு பெரியவர் இருந்தார். காவலாளி என்றுதான் சட்டையில் இருந்தது. சீட்டைப் படித்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்ற எங்களைப் பார்த்து அவரே எழுந்து வந்தார். "பீங்கான் ஓடுன்னு போட்டிருக்காங்களே, இது புயலுக்கப்புறம் கடல் ஒதுக்கினதும்மா. மீன்காரப் பிள்ளைங்க பொறுக்கிட்டு வந்து குடுத்தது" என்று தொடங்கினார். சுவரைக் காட்டினார். "சிமெண்ட் பூசினாங்க, உப்பு உள்ளயே நின்னுடுச்சு, செங்கல் மாவாக் கொட்டுது. சுண்ணாம்புன்னா மூச்சு விடும்." பெருக்கும்போது தரையில் விழும் செங்கல் பொடியை வைத்தே எந்தச் சுவர் அடுத்து விழும் என்று அவருக்குத் தெரிகிறது. அவர் சொன்னதில் ஒரு வரிகூட எந்தச் சீட்டிலும் இல்லை. "இதையெல்லாம் யாராவது எழுதிக்கிட்டாங்களா ஐயா?" என்று கேட்டேன். "நம்மள யாரும்மா கேக்கப் போறா, நீங்க ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றார்.

பார்வையாளர் பதிவேட்டில் பெயர், ஊர், தேதி, கருத்து என்று கட்டம். கருத்துக்கு இரண்டு விரல் அகலம் விட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் எழுதியவர்கள் வரிசையாக நன்று, சூப்பர், குட், நன்று. நான் எழுத ஆரம்பித்தேன். கட்டம் நிரம்பி, ஓரம் நிரம்பி, அடுத்த பக்கத்துக்கும் போயிற்று. நாத்தனார் வேனிலிருந்து ஹாரன் அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இருங்கம்மா" என்று பெரியவர் மேஜைக்கு அடியிலிருந்து இன்னொரு பேனா எடுத்துக் கொடுத்தார்.