இரவுகளின் கணக்கு



மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் செங்கம் சாலையின் முகமே மாறிவிடுகிறது. ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தேநீர்க் கடைகளில் தமிழுக்குச் சமமாக ஆங்கிலமும் பிரெஞ்சும் கேட்கின்றன; வாடகை வீடுகளின் மொட்டைமாடிகளில் வேற்றுநாட்டார் ஆடைகள் உலர்கின்றன. அத்தகைய கடையொன்றில் சென்ற வாரம் எழுபது வயதைக் கடந்த அமெரிக்கர் ஒருவர் என் அருகில் வந்து அமர்ந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்; மனைவியை இழந்தவர். மலையைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தம் கைப்பேசியைத் திறந்து ஓர் எண்ணைக் காட்டினார்: 641.

சொகுசுக் கப்பல்களில் கழித்த இரவுகளுக்காக அவர் பெயரில் சேர்ந்துள்ள புள்ளிகள் அவை. எழுநூறு ஆனால் உச்சப் படி. இன்னும் 59 புள்ளிகளே தேவை. “அப்படியானால் இரண்டு மாதம் கடலில் இருக்க வேண்டுமா?” என்று கேட்டேன். “இல்லை, முப்பது இரவு போதும். தனியாகப் பயணம் செய்பவனுக்கு ஓர் இரவுக்கு இரண்டு புள்ளி. அவள் உடன் வந்த காலத்தில் இந்தக் கணக்கு மெதுவாகத்தான் ஏறியது” என்றார். அதன்பின் நாங்கள் இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

அவர் விடைபெற்றுச் சென்றபின் இந்தக் கணக்கைத் தேடி வாசித்தேன். இந்த வாரத் தியானத்தில் இப்படியொரு பொருளை எடுப்பதற்காக என்மேல் வருத்தப்படாதீர்கள்; வாசிக்க வாசிக்க அது என்னை விடவில்லை.

அவர் உறுப்பினராயிருப்பது ராயல் கரீபியன் நிறுவனத்தின் ‘கிரவுன் அண்டு ஆங்கர்’ சங்கம். அங்கே கணக்கின் அலகு பகல் அன்று, இரவு. ஏழு இரவுப் பயணம் எட்டுத் தேதிகளைத் தொட்டாலும் புள்ளி ஏழுதான். மூன்று புள்ளியில் கோல்டு, 30-இல் பிளாட்டினம், 55-இல் எமரால்டு, 80-இல் டைமண்ட், 175-இல் டைமண்ட் பிளஸ், 700-இல் பினாக்கிள் என்று படிகள் ஏறுகின்றன. 2011-க்கு முன் இதே சங்கம் இரவுகளை அல்ல, பயணங்களையே எண்ணி வந்தது. மூன்று இரவு போய் வந்தவரும் அதைவிட நீண்ட பயணம் போய் வந்தவரும் பெரும்பாலும் ஒரே கணக்கில் நின்றனர். அது நியாயமன்று என்று கண்டே இரவுக் கணக்குக்கு மாறினார்கள் போலும்.

இரவை அளவுகோலாக்கியதில் ஒரு நேர்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. பணம் ஒருவரிடம் மிகுதியாயும் ஒருவரிடம் குறைவாயும் இருக்கும். இரவோ செல்வந்தனுக்கும் ஏழைக்கும் ஒரே நீளம். சாளரமில்லாத உள்ளறையில் படுத்தவனும் கடலைப் பார்க்கும் மேல்மாடத்தில் படுத்தவனும் ஒரே இரவைத்தான் கடக்கிறார்கள். ஆனால் இந்த நேர்மை வெகுதூரம் போகவில்லை. ‘சூட்’ எனப்படும் பெரிய அறையை வாங்குவோருக்கு ஓர் இரவு இரண்டாகக் கணக்கிடப்படுகிறது. தனியே ஓர் அறை எடுப்பவருக்கும் அப்படியே. அவர் பொதுவாக இருவருக்குரிய கட்டணத்தைச் செலுத்துகிறார் என்பதே காரணம். அந்த ஆசிரியருடைய துக்கத்துக்கு இரட்டைப் புள்ளி கொடுக்கப்படவில்லை, அன்பானவர்களே. காலியாய்க் கிடக்கும் மறு படுக்கைக்காக அவர் செலுத்தும் பணத்துக்கே அது கொடுக்கப்படுகிறது.

இதெல்லாம் மேனாட்டார் விவகாரம் என்று எண்ணிவிட வேண்டாம். 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பலை நம் முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிவைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். புதுச்சேரியில் அதை அனுமதிக்கலாமா என்று பெரும் வாக்குவாதமும் நடந்தது. அந்தக் கப்பல் 1990-இல் ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் கடலில் இறங்கி, பின் ‘எம்பிரஸ் ஆஃப் தி சீஸ்’ என்ற பெயருடன் அதே ராயல் கரீபியன் கொடியின் கீழ் நெடுங்காலம் ஓடியது. 2020 டிசம்பரில் விற்கப்பட்டது. அதே அறைகள், அதே படிக்கட்டுகள். ஆனால் அன்று அதில் உறங்கியவரின் இரவு இன்றும் ஒரு கணக்கில் நிற்கிறது, சென்னையில் ஏறி உறங்கியவரின் இரவு அந்தக் கணக்கைச் சேராது. கப்பல் எதையும் நினைவில் வைப்பதில்லை. நினைவில் வைப்பது கணக்குப் புத்தகம். அதுவும் வியாபாரத்துக்குத் தேவைப்படும் வரை.

தேவை மாறினால் புத்தகமும் மாறுகிறது. உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான கார்னிவல் 2025 ஜூன் மாதத்தில் ஓர் அறிவிப்பு செய்தது. 2012 முதல் ஒரு நாளுக்கு ஒரு புள்ளி என்று எண்ணி வந்ததைக் கைவிட்டு, 2026 முதல் பயணி செலவிடும் தொகையை எண்ணப்போவதாகச் சொன்னது. நம் ஏர் இந்தியா 2024-இலேயே பறந்த தூரத்தை விட்டுச் செலவிட்ட ரூபாயை எண்ணத் தொடங்கிவிட்டது. கார்னிவலில் இருபது, முப்பது ஆண்டுகளாகப் பயணம் செய்த முதியோர் பலர் கொதித்துப்போனார்கள். எங்கள் நாட்களுக்கு மதிப்பில்லையா என்று கேட்டார்கள்.

மத்தேயு 20-ஆம் அதிகாரத்தின் திராட்சத்தோட்டத்து உவமையை அறிந்த எவருக்கும் இந்த முறுமுறுப்பு பழக்கமானதே. விடியற்காலையில் வந்தவர்கள் மணிக்கணக்கை எண்ணினார்கள்; எஜமானோ எண்ணவில்லை. ஆகவே முதலில் அந்த முதியோரைக் கண்டிக்கவே எனக்குத் தோன்றியது. பிறகு யோசித்தேன். அந்த எஜமான் மணிக்கணக்கை ஒதுக்கியது, கடைசியில் வந்தவனுடைய வீட்டிலும் அன்றிரவு அடுப்பெரிய வேண்டும் என்பதற்காக. இந்த நிறுவனங்கள் நாட்கணக்கை ஒதுக்குவது, பணம் மிகுந்தவன் வரிசையில் முன்னே நிற்பதற்காக. இரண்டும் ஒன்றாகத் தோன்றலாம், ஒன்றல்ல. இந்த வழக்கில் என் தீர்ப்பு முறுமுறுத்த முதியோரின் பக்கமே.

நாமும் இதில் குற்றமற்றவர்களல்ல. ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வாரமும் தவறாமல் வந்த பிள்ளைக்கு ஆண்டுதோறும் பரிசு கொடுக்கிறேன். ஞாயிறு காலையில் தாயோடு பூ கட்ட உட்கார வேண்டிய பிள்ளைக்கு அந்தப் பரிசு ஒருபோதும் கிடைத்ததில்லை. இதை உணர எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

எங்கள் தெருவிலேயே இரவுகளை எண்ணுகிற இன்னோர் இடம் உண்டு. ஆசிரமத்தில் தங்க விரும்புவோர் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். அறைக்கு வாடகை கிடையாது. விரும்பினால் காணிக்கை கொடுக்கலாம். ஆனால் முதன்முறை வருவோருக்குச் சில இரவுகளுக்கு மேல் இடம் கிடைப்பது அரிது. கணக்கு முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு வெளியே அறை தேடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சிலர் சலித்துக்கொள்வதும் உண்டு. ஆயினும் அந்த எண்ணிக்கை எதற்காக? வாசலில் நிற்கும் அடுத்தவருக்கு ஓர் இரவு கிடைப்பதற்காக. கப்பல் எண்ணுவதோ முன்பு வந்தவரையே மறுபடியும் வரவழைப்பதற்காக. இவ்வூரில் என் விசுவாசம் வேறு, அவர்கள் மார்க்கம் வேறு. இருப்பினும் நல்லது ஒன்றைக் கண்டால் சொல்லாமல் இருக்கலாகாது. அந்த ஆசிரமத்துக்குப் பெயர் தந்த ரமணர் 1896 செப்டம்பர் முதல் தேதி இவ்வூருக்கு வந்தவர். 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை இவ்வூரை விட்டு நீங்கவில்லை. கணக்கிட்டுப் பார்த்தால் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இரவுகள். எழுநூற்றுக்கே பினாக்கிள் என்றால் இதற்கு என்ன பெயர் வைப்பார்களோ!

இனி நான் சொல்ல விரும்பியதற்கு வருகிறேன்.

எங்கள் சபையில் ஒரு வாலிபர் இருக்கிறார். கேட்டரிங் படித்து, கடன் வாங்கிப் பயிற்சிச் சான்றிதழ்கள் பெற்று, வெளிநாட்டுச் சொகுசுக் கப்பலொன்றில் அறைப் பணியாளராகச் சேர்ந்தவர். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இதுவரை ஏழு ஒப்பந்தங்கள், ஒவ்வொன்றும் எட்டு மாதத்தை ஒட்டியது. அமெரிக்க ஆசிரியரின் 641-ஐப் பற்றி அவரிடம் சொன்னபோது, உள்ளே சென்று தம் சி.டி.சி. புத்தகத்தை எடுத்துவந்தார். கடற்பணியாளர் கப்பலில் ஏறிய தேதியும் இறங்கிய தேதியும் பதியப்படும் அரசுப் புத்தகம் அது. திண்ணையில் உட்கார்ந்து இருவரும் கூட்டினோம். ஏறத்தாழ 1,700 இரவுகள்! பயணியாயிருந்தால் இரண்டு முறை உச்சப் படியைத் தாண்டியிருப்பார்.

அவருடைய இரவுகளை யாரும் எண்ணவில்லை என்று சொல்வது பிழையாகும். சட்டம் எண்ணுகிறது. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி கப்பலில் ஒருவரைத் தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் வைத்திருக்கலாகாது; அதற்குள் அவரை நிறுவனத்தின் செலவிலேயே வீடு சேர்க்க வேண்டும். பணிபுரிந்த ஒவ்வொரு மாதத்துக்கும் குறைந்தது இரண்டரை நாள் ஊதிய விடுப்பு உண்டு. ஓய்வு நேரத்தை அளவாகக் கொள்ளும் நாடுகளின் கப்பல்களில் இருபத்துநான்கு மணி நேரத்தில் பத்து மணி, ஏழு நாட்களில் 77 மணி ஓய்வு தரப்பட வேண்டும். இதுவும் இரவுகளை எண்ணுகிற ஏற்பாடே. ஆனால் மனிதனைத் திரும்ப வரச்செய்ய அன்று, திரும்பிப் போகவிட.

அந்தக் கணக்கு எவ்வளவு எளிதில் மறக்கப்படும் என்பதை 2020 காட்டியது. அவ்வாண்டின் இறுதியில் ஏறத்தாழ நான்கு லட்சம் கடற்பணியாளர்கள் ஒப்பந்தம் முடிந்தும் வீடு திரும்ப வழியின்றிக் கப்பல்களிலேயே இருந்ததாகச் சர்வதேச கடல்சார் அமைப்பு சொன்னது. நம் வாலிபரும் அப்போது பயணிகளற்ற கப்பலில் இருந்தார். விரிப்பு மாற்ற ஆளில்லாத அறைகளைத் தினமும் துடைத்ததாகச் சொல்கிறார்.

இன்னொன்று. அமெரிக்கரின் சங்கத்தில் பெற்றோர் அடைந்த படியின் சலுகைகள் சிறு பிள்ளைகளுக்கும் கிடைக்க ஏற்பாடு உண்டு. ஓர் இரவுகூடத் தன் முயற்சியால் சேர்க்காத குழந்தை தகப்பனால் டைமண்ட் ஆகிறது. இதைக் கேட்டபோது நம் வாலிபரின் மனைவி, மடியில் இருந்த நான்கு வயது மகளின் தலையைக் கோதியபடி, “இவளுக்கும் கணக்கு இருக்குங்க ஐயா. அப்பா இல்லாத ராத்திரியெல்லாம் இவ பேர்லதான் ஏறியிருக்கு” என்றார். அவர் குறைசொல்லும் குரலில் பேசவில்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை.

புள்ளிச் சேர்க்கையை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த முதிய ஆசிரியருக்கு 700 என்ற எண் காலையில் எழுந்திருக்க ஒரு காரணமாயிருக்கிறது. அதைப் பறிக்க நான் யார்? ஒரு கப்பல் நிறுவனம் தன் பயணி பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எத்தனை இரவு உறங்கினார் என்பதை ஒன்றுகூடத் தவறாமல் சொல்ல முடியுமானால், அதே அறையைத் துடைத்தவர் எத்தனை இரவு அங்கிருந்தார் என்பதையும் அதே கவனத்தோடு எண்ணலாம் என்பதே என் வழக்கு. ஆண்டுக் கணக்கில் வந்துபோகும் பணியாளரை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் புதியவராகக் கருதாமல், சேர்ந்த இரவுகளுக்கு ஏற்ப ஊதியமும் விடுப்பும் உயர வேண்டும். சில நிறுவனங்கள் இதை ஓரளவு செய்யலாம். பயணிக்குப் படிகளை அச்சிட்டு ஊரறியச் சொல்வதுபோல் இதையும் வெளிப்படையாகச் சொல்லட்டும்.

உங்களில் சிலர் திருமண வெள்ளிவிழாவுக்கென்று சென்னையிலிருந்து இரண்டு இரவு கடலுக்குப் போய்வருகிறீர்கள். வெளிநாட்டிலுள்ள உங்கள் பிள்ளைகள் இன்னும் நீண்ட பயணங்களுக்கு அழைத்துப்போகிறார்கள். பயணிகள் நன்றிக்கு அடையாளமாக என்ன செய்யலாம் என்று நம் வாலிபரிடம் கேட்டேன். பணம் என்று சொல்வார் என நினைத்தேன்.

“டிப்ஸ் குடுத்தா சந்தோஷம்தான் ஐயா. ஆனா கடைசியில கருத்து கேட்டு ஒரு ஃபாரம் வரும். அதை யாரும் எழுதறதில்ல. அதுல எங்க பேரைச் சரியா எழுதிட்டுப் போனாப் போதும். மேல சூப்பர்வைசர் ஆகணும்னா அதைத்தான் எண்ணிப் பாப்பாங்க” என்றார்.

தைப்பொங்கல் கழிந்த மறு வாரம் அவர் மும்பை வழியாகக் கப்பலேறுகிறார். எட்டாவது ஒப்பந்தம்.