தாஹிரான நீரெல்லாம் தாகத்துக்கு ஆகுமா?



வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் மத்ரஸாவின் வாயிலுக்கு ஆண்டுதோறும் ஒரு கேள்வி வந்து சேரும். "ஹஜ்ரத், மழையில் கிணறு நிரம்பிவிட்டது. முற்றத்துத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒன்றாகக் கலந்துவிட்டன. இனி இந்தக் கிணற்றுத் தண்ணீர் ஆகுமா, ஆகாதா?" என்பதே அது. கேட்பவர் 'ஆகுமா' என்று ஒரே சொல்லில் கேட்டுவிடுகிறார். அச்சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. ஒளூவுக்கு ஆகுமா என்பது ஒன்று. குடிக்க ஆகுமா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு ஃபிக்ஹு விடை தருகின்றது. இரண்டாவது கேள்விக்குச் சுகாதாரத் துறையினரிடமும் மருத்துவரிடமும் விடை பெற வேண்டும். முதற்கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் இல்லங்களில் நோய் புகுகின்றது. இம்மாதம் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

கிணறு ஏன் நிரம்புகின்றது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் நலம். மண்ணுக்கடியில் நீர் ஒரு மட்டத்தில் நிற்கின்றது. கிணறு என்பது அம்மட்டத்தை நாம் எட்டிப் பார்க்கும் சாளரமே. மழைநீர் மண்ணில் இறங்க இறங்க அம்மட்டம் உயர்கின்றது. தரைவரை உயர்ந்துவிட்டால், அதன் பிறகு பெய்யும் மழைக்கு இறங்க இடமில்லை. முற்றத்திலும் தெருவிலும் நிற்கும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அம்மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையை விட இது அதிகம். இத்தகைய நாளில் எந்த மண்தான் அத்தனை நீரையும் விழுங்கும்?

இவ்வேளையில் கண்ணுக்குத் தெரியாமல் நிகழும் மற்றொன்று உண்டு. கழிவுநீர்த் தொட்டியிலிருந்து உறிஞ்சுகுழிக்கு வரும் நீர், உலர்ந்த மண்ணின் ஊடே மெல்லக் கசிந்து இறங்கும்போது அம்மண்ணே அதனை ஓரளவு வடிகட்டித் தூய்மை செய்கின்றது. நிலத்தடி நீர் உயர்ந்து உறிஞ்சுகுழியையே எட்டிவிட்டால் வடிகட்ட உலர்மண் ஏது? குழியில் உள்ளது நேரே நிலத்தடி நீரில் கலந்து, அருகிலுள்ள கிணற்றை அடைகின்றது. தெருவெள்ளம் கிணற்றின் சுவரைத் தாண்டி உள்ளே விழாவிட்டாலும் கிணறு கெடுவது இவ்வாறே. "எங்கள் கிணற்றின் சுவர் உயரம், வெள்ளம் உள்ளே வரவில்லை" என்று மனநிறைவு கொள்வோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

நீர் சூழ்ந்து நிற்கும் நாட்களில் செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, பிள்ளைகளின் உயிர். தாழ்ந்த சுவருள்ள கிணறு வெள்ளத்தில் மூழ்கினால் முற்றம் எது, கிணறு எது என்று தெரியாது. நீண்ட கழியொன்றை நட்டு, சிவப்புத் துணியைக் கட்டி, சுற்றிலும் கயிறு இழுத்து விடுங்கள். இரண்டாவது, மின்சாரம். நீரில் நனைந்த மோட்டாரை இயக்கக் கூடாது. மெயின் சுவிட்ச் இருக்குமிடத்தை நீர் எட்டுமுன் அதனை அணைத்துவிடுங்கள். நீர் வடிந்த பின் மின்பணியாளர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே மோட்டாரைப் போடலாம். மூன்றாவது, அவசரப்பட்டுக் கிணற்றை இறைக்காதீர்கள். சுற்றியுள்ள மண் முழுவதும் நீராக இருக்கையில் எத்தனை மணி நேரம் இறைத்தாலும் அதே அழுக்கு நீரே மீண்டும் ஊறிவரும். அன்றியும், உள்நீர் சட்டென்று குறைந்தால் வெளியிலிருந்து ஈரமண் நெருக்கி, பழைய உறைகள் சரிந்துவிழவும் கூடும். இதே காரணத்தால் தரைக்கடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியையும் கழிவுநீர்த் தொட்டியையும் அந்நாட்களில் வெறுமையாக்கக் கூடாது. வெறுந்தொட்டியை நிலத்தடி நீர் படகைப் போல் மேலே தூக்கிப் பெயர்த்துவிடும்.

இனி ஃபிக்ஹுக்கு வருவோம். நம் கடற்கரையூர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபியீ மத்ஹபின்படி, இரண்டு குல்லத்து அளவை எட்டிய நீரில் நஜீஸ் விழுந்தாலும், நிறம், சுவை, மணம் ஆகியவற்றுள் ஒன்றேனும் மாறாதவரை அந்நீர் தாஹிர்தான். இரண்டு குல்லத்து என்பதை இக்கால அளவில் கணக்கிடுவோரிடையே சிறு வேறுபாடு உண்டு. ஏறத்தாழ 200 லிட்டர் எனக் கொள்ளலாம். 4 அடி அகலமுள்ள உறைக்கிணற்றில் 15 அடி நீர் நின்றால் அது 5,000 லிட்டருக்குக் குறையாது. அதாவது இரண்டு குல்லத்தைப்போல் 25 மடங்கு! ஆகவே நிறமும் சுவையும் மணமும் மாறாத கிணற்றில் ஒளூச் செய்யத் தடையில்லை.

ஹனஃபீ மத்ஹபில் கிணற்றுக்கெனத் தனிச் சட்டமே வகுக்கப்பட்டுள்ளது. எலி போன்ற சிறு பிராணி விழுந்து இறந்தால் 20 முதல் 30 வாளி, பூனை, கோழி போன்றவை என்றால் 40 முதல் 60 வாளி, ஆடு போன்றதாயின் அல்லது விழுந்த பிராணி ஊதிச் சிதைந்திருப்பின் கிணற்று நீர் முழுவதும் இறைக்க வேண்டும். நஜீஸ் கலந்தாலும் முழுவதும் இறைத்தலே முறை. ஊற்று அடைபடாமல் சுரந்துகொண்டே இருக்கும் கிணற்றுக்கு 200 முதல் 300 வாளி இறைத்தால் போதும் என்று இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கூற்று உள்ளது. அவரவர் கிணற்றின் நிலைமையைத் தத்தம் ஊர் ஆலிமிடம் எடுத்துரைத்துத் தெளிவு பெறுவீர்களாக.

இவை அனைத்தும் வணக்கத்துக்கான தூய்மையைப் பற்றிய சட்டங்கள். இச்சட்டத்தைக் கேட்டுத் திரும்பிய ஒருவர், "ஹஜ்ரத் ஆகும் என்று சொல்லிவிட்டார்" எனக் கூறி அந்நீரைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்தால் என்ன ஆகும்?

இலண்டன் மாநகரில் 1854ஆம் ஆண்டு நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஆகஸ்ட் மாத இறுதியில் சோஹோ பகுதியில் காலரா வெடித்துச் சில வாரங்களில் 600க்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. இறந்தோர் வீடுகளைத் தேடிச் சென்று விசாரித்த ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், பிராட் தெருவின் கிணற்றுக் குழாய்மீது ஐயம் கொண்டார். அந்நீரில் பெரிதாக மாசு தெரியவில்லை. அதன் சுவை பிடித்துப்போய், தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட் பகுதிக்கு வரவழைத்துப் பருகிவந்த அம்மையார் ஒருவரும் காலராவால் மாண்டார். செப்டம்பர் 8ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. பிறகு தோண்டிப் பார்த்தபோது, கிணற்றிலிருந்து 3 அடிகூட இல்லாத தொலைவில் ஒரு வீட்டின் கழிவுக்குழி இருந்ததும், அதன் செங்கற்கள் சிதைந்திருந்ததும் தெரியவந்தன. நோயுற்ற கைக்குழந்தையின் துணிகளை அலசிய நீர் அக்குழியில் ஊற்றப்பட்டிருந்தது. சுவைக்காகத் தேடிச் சென்று குடித்த நீரே உயிரைக் குடித்தது. நோய்க்கிருமிக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை.

இதனால் ஃபிக்ஹுக்கும் மருத்துவத்துக்கும் முரண்பாடு என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 'தாஹிர்' என்பது வேறு, 'உண்ணப் பருகத் தக்கது' என்பது வேறு என்பதை நம் ஃபுகஹாக்கள் நன்கறிந்தே எழுதியுள்ளனர். மண் தாஹிரானது, அதனைக் கொண்டு தயம்மும் செய்கிறோம். உடலுக்குத் தீங்கு தரும் மண்ணைத் தின்ன எந்த ஆலிம் அனுமதித்தார்? நச்சுச் செடியின் இலையும் நஜீஸ் அன்று. அது ஆடையில் பட்டால் தொழுகை கூடும். அதைத் தின்பது ஹராம். உயிரைக் காத்தல் ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்று. ஆகவே வெள்ளம் சூழ்ந்த கிணற்று நீரைச் சோதிக்காமல் குடிக்கலாகாது என்று சொல்வதும் மார்க்கம் சொல்வதே.

ஆகவே தாய்மார்களே, சகோதரிகளே! அத்தகைய நாட்களில் குடிக்கவும் சமைக்கவும் வேறிடத்து நல்ல நீரைக் கொள்ளுங்கள். அது கிடைக்காவிடில், துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்த பின் ஒரு நிமிடமேனும் கொதிக்கவிட்டு ஆறவைத்த நீரையே கொடுங்கள். பால்புட்டி கழுவும் நீரும், பல் துலக்கும் நீரும், ஒளூவில் வாய் கொப்பளிக்கும் நீரும் அத்தகையதாகவே இருக்கட்டும்.

நிலத்தடி நீர் இறங்கிப் பழைய மட்டத்துக்கு வந்த பின் கிணற்றைத் துப்புரவு செய்யலாம். நீரை இறைத்து, சேற்றை அள்ளி, உறைகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கிணற்றில் நச்சுக்காற்று தங்கியிருக்கக் கூடும். எனவே வீட்டுப் பிள்ளைகளை இறக்காமல் பழக்கமுள்ள பணியாளரிடம் விடுங்கள். அவர்களும் இடுப்பில் கயிறு கட்டி, மேலே துணைக்கு ஆட்கள் நிற்க இறங்க வேண்டும். டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது உயிருக்கே உலை வைக்கும். புதுநீர் ஊறிய பின் பிளீச்சிங் பவுடர் இட வேண்டும். சாதாரண நாட்களில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது பொதுச் சுகாதார நூல்கள் தரும் கணக்கு. மேற்சொன்ன 5,000 லிட்டர் கிணற்றுக்கு 12.5 கிராம் ஆகும். வெள்ளம் கண்ட கிணற்றில் அழுக்கே குளோரினைத் தின்றுவிடுமாதலால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதைச் சுகாதார ஆய்வாளரிடம் கேட்டறியுங்கள். பவுடரை வாளியில் குழைத்து, நீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் தெளிந்த நீரை மட்டும் வேறொரு வாளியில் இறுத்துக் கிணற்றில் இறக்கி நன்றாகக் கலக்க வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மீதமிருக்க வேண்டும். இதற்குப் பின்னரும் நீரைப் பரிசோதனைக்கு அனுப்பி முடிவு அறிந்தே குடிக்கத் தொடங்குங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடங்களில் கட்டணம் செலுத்தி இதனைச் செய்துகொள்ளலாம்.

குளோரின் மணம் வீசும் நீரில் ஒளூக் கூடுமா என்று சிலர் ஐயுறுவர். தாஹிரான பொருள் கலந்து, 'தண்ணீர்' என்னும் பெயர் நீங்காத அளவில் ஏற்படும் சிறு மாற்றம் ஒளூவைத் தடுக்காது. ஐயம் வேண்டாம்.

இறுதியாக ஒன்று. ஹனஃபீ ஃபிக்ஹு நூல்களில் 'ஹரீம்' என்றொரு சட்டம் உண்டு. தரிசு நிலத்தில் கால்நடைகளுக்காகக் கிணறு வெட்டியவருக்கு, அதனைச் சுற்றி 40 முழம் உரிய எல்லையாகும். பிறர் அதற்குள் வந்து தோண்டலாகாது. ஷாஃபியீ அறிஞர்கள் தேவைக்கேற்ற அளவு என்பர். முழத்தை ஒன்றரை அடியெனக் கொண்டால் 40 முழம் 60 அடி. குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையில் இந்தியத் தர அமைவனம் விதித்துள்ள இடைவெளி 18 மீட்டர். அதுவும் ஏறத்தாழ 60 அடியே! இரண்டின் நோக்கமும் வெவ்வேறு. எனினும் கிணற்றைச் சுற்றிப் பாதுகாப்பான எல்லை வேண்டும் என்னும் எண்ணம் நமக்குப் புதியதன்று.

சுவரோடு சுவர் ஒட்டிய நம் மஹல்லாக்களில் 60 அடிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. இடமில்லாத வீட்டில், கழிவுநீர்த் தொட்டியைக் கசிவின்றிப் பூசி அடைக்கலாம். கிணற்றின் உறையைத் தரைக்கு மேல் இரண்டரை அடிக்குக் குறையாமல் உயர்த்தி, சுற்றிலும் சிமெண்ட் தளமும் வடிகாலும் அமைக்கலாம். அதன் பிறகும் பரிசோதனையில் தேறாத கிணற்றைத் துவைக்கவும் கழுவவும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். முன்னோர் வெட்டிய கிணற்றைக் குடிக்க ஆகாது என்று சொல்ல மனம் வராது என்பதை அறிவேன். பாட்டனார் அதனை வெட்டியபோது அண்டையில் இத்தனை வீடுகளும் இத்தனை குழிகளும் இல்லை. கிணறு அதே கிணறுதான். சுற்றியுள்ள மண் மாறிவிட்டது.

நம் குழியின் கசிவு நம் கிணற்றுக்கு மட்டும் போவதில்லை. அண்டை வீட்டாரின் கிணற்றுக்கும் போகின்றது. புதிதாகக் குழி தோண்டுமுன் அடுத்த வீட்டுக் கிணறு எங்கே இருக்கின்றது என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். நம் முற்றத்து வெள்ளத்தை அவர்கள் வாசலுக்குத் திருப்பிவிடாதீர்கள். நம் கிணற்று நீரில் கிருமி இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிவிடுங்கள். அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணுதல் என்பது பெருநாளில் பிரியாணி அனுப்புவதோடு முடிந்துவிடுவதில்லை.

வல்ல அல்லாஹ், நாம் அருந்தும் நீரை நமக்கும் நம் சந்ததியினருக்கும் நலம் தருவதாக ஆக்கி, நம்மால் பிறருக்குத் தீங்கு நேராமல் காத்தருள்வானாக! ஆமீன்.