வைத்த இடத்தில் ஓட வேண்டும்

தமிழ் நிரல்மொழியும் அதன் நூலகங்களும் ஒரே மூட்டையாக வேண்டாம்; தனித்தனிப் பாகங்களாக, எந்தக் கோப்புறையில் வைத்தாலும் ஓடும்படி வரட்டும். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் மாணவர்களுக்கு நிரலாக்கம் சொல்லித்தரும் தன்னார்வலர் குழுவின் நிலைப்பாடு இது.

குழு காட்டும் முன்மாதிரி எழில். முத்தையா அண்ணாமலை பைத்தானில் உருவாக்கிய தமிழ் நிரல்மொழி. தமிழ் எழுத்துகளைக் கையாள அதற்குள் இருந்த நிரல் பிறகு தனியே பிரிந்து ஓப்பன்-தமிழ் நூலகமாக வளர்ந்தது. ‘சிங்கப்பூர்’ எத்தனை எழுத்து என்று வெறும் பைத்தானைக் கேட்டால் 11 என்கிறது. புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. ஓப்பன்-தமிழ் சரியாக 6 என்கிறது. எழிலில் ஒரு வரிகூட எழுதாதவருக்கும் இந்த ஆறு கிடைக்கும். ஆனாலும் பிரித்தது போதாது: எழுத்தை எண்ண மட்டும் விரும்புபவர் தலையிலும் சொல்திருத்தியும் சந்திப் பிழைதிருத்தியும் மோர்ஸ் குறியீடும் சேர்ந்தே விழுகின்றன.

மூட்டை கட்டுவதன் விலை சிங்கப்பூருக்குப் புதிதல்ல. 1990களில் தமிழ் மென்பொருள்கள் ஆளுக்கொரு எழுத்துருவையும் குறியேற்றத்தையும் சேர்த்தே கொடுத்தன; ஒன்றில் தட்டியது இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரிந்தது. 1997இல் நா. கோவிந்தசாமி முன்னின்று இங்கே நடத்திய தமிழ் இணைய மாநாட்டின் காலத்துத் தலைவலி அது.

அடுத்தது இடமாற்றம். பொதுக் கணினியில் மென்பொருள் நிறுவ மாணவருக்குப் பெரும்பாலும் அனுமதியில்லை. கோப்புறையாகக் கொண்டுவரலாமென்றால், நூலகங்களைத் தனிக் கோப்புறையில் வைக்கும் பைத்தானின் ‘வென்வ்’ (venv) தான் பிறந்த முகவரியைத் தன் கோப்புகளில் எழுதி வைத்துக்கொள்ளும். வீட்டில் ஓடிய கோப்புறையை யுஎஸ்பியில் கொண்டுவந்து திறந்தால், அங்கே இல்லாத பைத்தானைத் தேடி நின்றுவிடும். விண்டோசுக்கு 3.5 பதிப்பிலிருந்து பைத்தானே ஒரு சிப் (zip) கோப்பைத் தருகிறது. விரித்த இடத்தில் ஓடும். எழிலும் அப்படி வரட்டும் என்கிறது குழு.

நகலெடுத்த கோப்புறைக்குப் பிழைதிருத்தம் தானாக வந்து சேராது என்ற மறுப்பு நியாயமானது. அதனால் ஒவ்வொரு பாகமும் தன் பதிப்பு எண்ணையும், தனக்குத் தேவையான பாகங்களின் பட்டியலையும் கூடவே சுமக்க வேண்டும். தவணைக்கு ஒருமுறை அவற்றைச் சரிபார்ப்பது ஆசிரியர் வேலை.

ஐபேடு வைத்திருப்பவருக்கு இந்தச் சிப்பும் உதவாது. அவருக்கு உலாவிக்குள் பைத்தானை ஓட்டும் பயோடைடு இருக்கிறது. பாகங்கள் சிறியவையாக இருந்தால் அங்கேயும் சீக்கிரம் இறங்கும்.